ஊக அறிவியலை விளக்கப் பூச்சிகளை உவமையாக்குவது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

இன்னும் மெய்ப்பிக்கப்படாத அறிவியல் கருத்துகளைப் பற்றி எழுதவோ பேசவோ தொடங்கும் எவரும் விரைவிலேயே ஓர் எறும்பைத் துணைக்கு அழைக்கிறார். சுருண்ட பரிமாணத்தை விளக்க ரப்பர் குழாயின் மேல் ஊரும் எறும்பு வருகிறது. விரியும் அண்டத்தை விளக்க ஊதப்படும் பலூனின் மேல் எறும்பு வருகிறது. வேற்றுலக அறிவு நம் அருகிலேயே இருந்தும் நாம் உணராமல் இருக்கக்கூடும் என்பதற்கு நெடுஞ்சாலையோரத்து எறும்புப் புற்று வருகிறது. இதற்குத் தக்க காரணம் உண்டு. பூச்சியின் புலன்களுக்கு எட்டாத எத்தனையோ செய்திகள் நமக்குத் தெரியும். ஆகவே நமக்கு எட்டாத ஒன்றைப் பற்றிச் சிந்திக்க, பூச்சிக்கு எட்டாமல் நமக்கு எட்டிய ஒன்றை முன்னே நிறுத்திப் பார்ப்பது இயல்பாகவே கைகொடுக்கிறது.

ஆனால் இவ்வகை உவமைகள் எளிதில் மனத்தில் பதிந்துவிடுவதால், பதிந்தது உண்மை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. எறும்பின் படம் தெளிவாக இருப்பது, அது சுட்டும் இயற்பியல் உண்மை என்பதற்குச் சான்றாகாது. உவமையை எந்த வரிசையில் உருவாக்கினால் அது வாசகரை ஏமாற்றாமல் உதவும் என்பதையே இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. ஊகக் கருத்து என்று இங்கே குறிப்பிடுவது வெறும் கற்பனையை அல்ல. கணித அடிப்படையோ அறிந்த இயற்பியலோடு தொடர்போ இருந்து, நேரடிச் சான்று மட்டும் இன்னும் கிடைக்காத கருத்துகளையே அப்படிக் குறிப்பிடுகிறேன்.

முதல் படி: பூச்சியைத் தேடுவதற்கு முன் கருத்தை எழுதுங்கள்

விளக்க வேண்டிய கருத்தை எந்த உவமையும் இல்லாமல் இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் பரிமாணம் என்ற கருத்தை எடுத்துக்கொண்டால் இப்படி எழுதலாம்: நாம் அறிந்த நீளம், அகலம், உயரம் என்ற மூன்று வெளிப் பரிமாணங்களுக்கு அப்பால் வேறு பரிமாணங்களும் இருக்கலாம், அவை மிகச் சிறிய அளவில் சுருண்டிருப்பதால் நம் அனுபவத்திலோ கருவிகளிலோ இதுவரை தென்படவில்லை.

அதன் கீழே அந்தக் கருத்தின் இன்றைய நிலையை எழுதுங்கள். ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சேர்த்தால் ஈர்ப்பையும் மின்காந்தத்தையும் ஒரே கணிதச் சட்டகத்தில் எழுத முடியும் என்று 1921இல் தியோடர் கலூசா காட்டினார். அந்தப் பரிமாணம் நுண்ணிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம் என்று 1926இல் ஆஸ்கர் கிளைன் விளக்கினார். ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில்தான் குறைகிறதா என்பதை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி வரை அளந்து பார்த்திருக்கிறார்கள். துகள்களை மிக வேகமாக மோதவிட்டு ஆராயும் பெரும் ஹாட்ரான் மோதுவியிலும் தேடியிருக்கிறார்கள். கூடுதல் பரிமாணத்துக்கான சான்று இதுவரை கிடைக்கவில்லை. இவ்வளவும் எழுதிய பின்புதான் எறும்புக்கு வேலை.

இந்த ஒரு பத்தி உங்கள் உவமைக்கு உரைகல்லாக இருக்கும். பூச்சியிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் பூச்சியின் அழகில் மயங்கி, கருத்தை அதற்கேற்ப வளைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: தோற்றத்தை விட்டு வினையால் ஒப்பிடுங்கள்

உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியம் நான்காக வகுத்தது. செயலால் ஒப்பாவது வினை; விளைவால் ஒப்பாவது பயன்; வடிவால் ஒப்பாவது மெய்; நிறத்தால் ஒப்பாவது உரு. கவிதைக்கு இந்த நான்கும் வேண்டும். அறிவியல் விளக்கத்துக்கோ முதல் இரண்டே பெரும்பாலும் பயன்படுகின்றன. உளவியலாளர் ஜென்ட்னர் 1983இல் முன்வைத்த ஒப்புமைக் கோட்பாடும் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது: நல்ல ஒப்புமை பொருள்களின் பண்புகளை இடம் மாற்றுவதில்லை, அவற்றுக்கிடையே உள்ள உறவுகளை இடம் மாற்றுகிறது.

தேன்கூட்டின் அறைகளும் கிராஃபீன் என்ற கரிமப் படலத்தின் அணுக்கட்டமைப்பும் அறுகோண வடிவில் ஒத்திருக்கின்றன. ஆனால் ஒரு பரப்பைச் சம அளவுள்ள அறைகளாகப் பிரிக்கும்போது மொத்தச் சுவர் நீளத்தைக் குறைப்பது அறுகோணம் என்பது தேன்கூட்டின் கணிதச் சிறப்பு. கரிம அணுக்களோ தம் பிணைப்புகளின் 120 பாகைக் கோணத்தால் அந்த வடிவத்தை அடைகின்றன. வடிவம் ஒன்று, காரணம் வேறு. எனவே தேன்கூட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கிராஃபீனைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியவராது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டை வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1789இல் தந்தார். வானத்தை அவர் செழித்த தோட்டம் ஒன்றுக்கு ஒப்பிட்டார். ஒரு செடி முளைத்து, பூத்து, காய்த்து, வாடும் வரை காத்திருந்து பார்க்க ஒருவருக்கு அவகாசம் இல்லாவிட்டாலும், வெவ்வேறு பருவங்களில் இருக்கும் பல செடிகளை ஒரே வேளையில் பார்த்து அந்த வளர்ச்சியின் வரிசையை அறிந்துகொள்ளலாம். வான்பொருள்களையும் அப்படியே படிக்கலாம் என்றார். விண்மீனும் செடியும் தோற்றத்தில் சிறிதும் ஒத்தவை அல்ல. ஆயினும் ஒரே வேளையில் பலவற்றைப் பார்ப்பது ஒன்றை நெடுங்காலம் பார்ப்பதற்கு ஈடாகும் என்ற உறவு இரண்டிலும் உண்டு. விண்மீன்களின் வாழ்க்கையை வானியலாளர்கள் இன்றும் அந்த வழியில்தான் படிக்கிறார்கள். உவமையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் தேட வேண்டியது இத்தகைய உறவைத்தான்.

மூன்றாம் படி: பூச்சியைப் பற்றிச் சொல்வது உண்மையா என்று பாருங்கள்

என் பார்வையில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படும் படி இது. இயற்பியல் பகுதியைப் பலமுறை சரிபார்க்கும் எழுத்தாளர்கள்கூட, பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதை அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

மனித மனத்தை வேறோர் ஊடகத்துக்கு மாற்ற முடியுமா, மாற்றினால் அது அதே மனிதரா என்ற ஊகத்துக்குக் கூட்டுப்புழு அடிக்கடி உவமையாகிறது. கம்பளிப்புழு கூட்டுக்குள் முழுவதும் கரைந்து கூழாகிப் பின் பட்டாம்பூச்சியாக உருவாகிறது, ஆகவே பழைய உடல் அழிந்தாலும் தொடர்ச்சி இருக்கலாம் என்று வாதம் செல்கிறது. உண்மையில் புழு முழுவதும் கரைந்துவிடுவதில்லை. பல திசுக்கள் சிதைகின்றன என்றாலும், நரம்பு மண்டலத்தின் பகுதிகளும் மூச்சுக்குழாய்களும் மாற்றங்களோடு நீடிக்கின்றன. சிறகு, கால் போன்ற உறுப்புகளாக வளரவிருக்கும் செல் கொத்துகள் புழுப் பருவத்திலேயே உள்ளே இருக்கின்றன. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், புகையிலைச் செடியை உண்ணும் ஒருவகைப் புழுக்களுக்கு ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். இறுதிப் புழுப் பருவத்தில் பழக்கப்பட்டவை அந்துப்பூச்சிகளான பின்னும் அந்த மணத்தைத் தவிர்த்தன. அதைவிட இளம் பருவத்தில் பழக்கப்பட்டவற்றில், அந்துப்பூச்சிகளான பின் அந்த நினைவு தங்கவில்லை.

இதை அறிந்த பிறகு உவமை வேறாகிறது. எல்லாம் அழிந்தும் நினைவு தொடர்ந்தது என்று இனிச் சொல்ல முடியாது. நினைவைத் தாங்கிய கட்டமைப்பில் ஒரு பகுதி எஞ்சியிருந்ததால் நினைவும் எஞ்சியிருக்கலாம் என்றே சொல்ல முடியும். எந்தப் பகுதி எஞ்சினால் எந்த நினைவு எஞ்சும் என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. மனத்தை வேறோர் ஊடகத்துக்கு மாற்றுவது பற்றிய ஊகத்துக்கு இதுவே கூர்மையான கேள்வி. உண்மையைச் சரிபார்த்ததால் உவமை வலுப்பெற்றதே தவிர நலியவில்லை.

கரையான் புற்றின் கதையும் இதையே காட்டுகிறது. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996இல் கட்டி முடிக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடத்தை வடிவமைத்த மிக் பியர்ஸ், கரையான் புற்று தன் உள்ளே காற்றை ஓடவிட்டு வெப்பநிலையைச் சீராக வைத்துக்கொள்கிறது என்ற கருத்திலிருந்து ஊக்கம் பெற்றார். பின்னர் புற்றுகளை அளந்து ஆராய்ந்த ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும், புற்றின் முதன்மை வேலை வளிமப் பரிமாற்றமே என்றும், கூட்டின் வெப்பநிலை பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணைப் பின்பற்றியே அமைகிறது என்றும் 2008இல் எடுத்துக்காட்டினார்கள். கட்டடம் நன்றாகவே இயங்குகிறது. பிழையான உவமையிலிருந்தும் நல்ல வடிவமைப்பு பிறக்கக்கூடும். ஆனால் விளக்கம் எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் எழுதியதை நம்பி வாசகர் கரையானைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் ஒருசேரத் தவறாக அறிந்துகொள்வார்.

நான்காம் படி: இணைகளை எழுதி, கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகும் இணைகள் முதல் பத்தியில், ஒத்துப்போகாதவை இரண்டாவதில், ஒத்துப்போகுமா என்று இன்னும் தெரியாதவை மூன்றாவதில். அறிவியல் தத்துவ அறிஞர் மேரி ஹெஸ்ஸே 1960களில் செய்த பிரிவு இது. மூன்றாவது பத்தியில்தான் உவமையின் உயிர் இருக்கிறது என்பது அவருடைய வாதம். புதிய கேள்விகள் அங்கிருந்தே எழுகின்றன.

ரப்பர் பட்டையில் நடக்கும் எறும்பை எடுத்துக்கொள்வோம். ஒளியினும் வேகமாக விலகிச் செல்லும் ஓரிடத்துக்கு ஒளி எப்போதாவது போய்ச் சேர முடியுமா என்ற கேள்விக்கு இது பழைய, சிறந்த உவமை. பட்டையின் நீளம் 100 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனை சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நொடியின் முடிவிலும் மறுமுனையை இழுத்துப் பட்டை முழுவதையும் ஒரே சீராக 10 செ.மீ. நீட்டுகிறோம். எறும்பு சுவரிலிருந்து புறப்பட்டு நொடிக்கு 1 செ.மீ. நடக்கிறது. முனை எறும்பைவிடப் பத்து மடங்கு வேகமாக விலகுவதால், எறும்பு ஒருநாளும் எட்டாது என்றே முதலில் தோன்றும்.

கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. முதல் நொடியில் எறும்பு பட்டையின் 100இல் ஒரு பங்கைக் கடக்கிறது. அடுத்த நொடியில் 110இல் ஒரு பங்கு. அதற்கடுத்து 120இல் ஒரு பங்கு. பட்டை நீளும்போது எறும்பு ஏற்கெனவே கடந்த பகுதியும் சேர்ந்தே நீள்வதால், கடந்த பங்கு ஒருபோதும் குறைவதில்லை. இந்தச் சிறிய பங்குகளின் கூட்டுத்தொகை மெதுவாக, ஆனால் வரம்பின்றி வளர்கிறது. ஏறத்தாழ 2,09,000 நொடிகளில், அதாவது 58 மணி நேரத்தில், எறும்பு முனையை எட்டிவிடும். அப்போது பட்டையின் நீளம் ஏறத்தாழ 21 கி.மீ. இருக்கும்.

இப்போது இணைகளை எழுதலாம். எறும்பு ஒளிக்கும், பட்டை வெளிக்கும், முனை தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்துக்கும் இணையாகின்றன. எறும்பின் வேகம் தன் காலடியிலுள்ள பட்டையைப் பொறுத்தே நிலையானது. ஒளியின் வேகமும் அது கடந்துசெல்லும் இடத்து வெளியைப் பொறுத்தே நிலையானது. இந்த இணை மிக முக்கியமானது. தொலைவிலுள்ள மண்டலங்கள் ஒளியினும் வேகமாக விலகுவது, எதுவும் ஒளியை முந்த முடியாது என்னும் சார்பியலுக்கு ஏன் முரணாகவில்லை என்பதை இதுவே தெளிவாக்குகிறது.

மூன்றாவது பத்தியில் எழுத வேண்டியது, பட்டை எப்படி நீட்டப்படுகிறது என்பது. மேலே நொடிக்கு 10 செ.மீ. என்ற நிலையான அளவைக் கொண்டோம். அண்டத்தின் விரிவு விரைவடைந்து வருகிறது என்பதை 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெடித்த விண்மீன்களைக் கொண்டு கண்டறிந்தன. 2011ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அதற்காக வழங்கப்பட்டது. ஆகவே பட்டையைக் கூட்டுவட்டி முறையில் நீட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு நொடியின் முடிவிலும் அப்போதுள்ள நீளத்தில் பத்து விழுக்காடு கூடுகிறது. நீளம் 100, 110, 121, 133.1 என்று போகும். முதல் நொடியில் இரண்டு கணக்குகளுக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் எறும்பு கடக்கும் பங்குகளை இம்முறை கூட்டினால், எத்தனை யுகம் நடந்தாலும் மொத்தம் நூற்றில் 11 பங்கைத் தாண்டாது. பட்டையில் எறும்பு என்றுமே எட்ட முடியாத பகுதி ஒன்று உருவாகிவிட்டது. விரைந்து விரியும் அண்டத்தில் நிகழ்வெல்லை என்று அண்டவியலாளர்கள் சொல்வதன் உட்பொருளுக்கு மிக அருகில் இந்த எறும்பு நம்மைக் கொண்டுவந்து விடுகிறது. தாளும் பென்சிலும் எடுத்து இந்த இரண்டு கூட்டல்களையும் முதல் பத்து நொடிகளுக்காவது செய்து பார்க்கும்படி புதியவர்களை வற்புறுத்துவேன். கணக்கைத் தாங்கும் உவமைக்கும் தாங்காத உவமைக்கும் உள்ள வேறுபாடு அப்போது கையில் உறைக்கும்.

ஐந்தாம் படி: உவமை முறியும் இடத்தைக் கட்டுரைக்குள்ளேயே சொல்லுங்கள்

குழாயில் ஊரும் எறும்பு உவமையில், குழாய்க்கு உட்புறமும் வெளிப்புறமும் உண்டு. அது நம் முப்பரிமாண வெளிக்குள் வளைந்து கிடக்கிறது. சுருண்ட பரிமாணமோ வேறெதற்கும் உள்ளே வைக்கப்பட்டதன்று. பலூன் உவமையில், விரிவுக்கு ஒரு மையம் பலூனின் உள்ளே இருப்பதாகத் தோன்றுகிறது. அண்டத்தின் விரிவுக்கு அப்படி ஒரு மையம் இல்லை. இவற்றை அடிக்குறிப்பில் ஒதுக்காமல், உவமையைச் சொன்ன அடுத்த பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். அதனால் வாசகரின் நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

முறியும் இடத்தை நன்கு அறிந்தவர்களின் கையில் உவமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அருவியை நோக்கிச் செல்லும் மீன் சான்று. ஆற்றின் ஓட்டம் அருவியை நெருங்க நெருங்க விரைவடைகிறது. நீரின் வேகம் மீன் நீந்தக்கூடிய உச்ச வேகத்துக்குச் சமமாகும் கோட்டைத் தாண்டிவிட்ட மீன், எவ்வளவு முயன்றாலும் மேலே திரும்ப முடியாது. அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தில் அதற்குத் தனியாக எதுவும் தெரிவதும் இல்லை. கருந்துளையைச் சுற்றியுள்ள, உள்ளே சென்றால் ஒளிகூட மீள முடியாத எல்லையான நிகழ்வெல்லைக்கு இது வெறும் படம் மட்டும் அன்று. பான்லெவேயும் குல்ஸ்ட்ராண்டும் 1920களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்த ஆயத்தொலை முறையில் கருந்துளையை எழுதினால், வெளி என்பதே ஓர் ஆறாக உள்நோக்கி ஓடுவதாகவும், நிகழ்வெல்லையில் அதன் வேகம் ஒளியின் வேகத்துக்குச் சமமாவதாகவும் கணிதமே காட்டுகிறது.

இயற்பியலாளர் வில்லியம் அன்ரு 1981இல் இதை மேலும் எடுத்துச் சென்றார். ஒலியைவிட வேகமாக ஓடும் பாய்மத்தில் ஒலி அலைகள் பின்பற்றும் சமன்பாடு, கருந்துளைக்கு அருகில் அலைகள் பின்பற்றும் சமன்பாட்டின் வடிவிலேயே இருக்கிறது. ஆகவே கருந்துளைகள் வெளியிடும் என்று ஹாக்கிங் 1974இல் கணித்த கதிர்வீச்சுக்கு இணையான ஒன்று அங்கே ஒலியாக வெளிப்பட வேண்டும் என்றார். மிகக் குளிர்ந்த அணுக்களின் செறிபொருளில் அத்தகைய ஒலிக் கதிர்வீச்சைக் கண்டதாக 2016இல் ஜெஃப் ஸ்டைன்ஹவர் அறிவித்தார்.

இந்த ஒப்புமை எங்கே முறிகிறது என்பதும் தெளிவாகத் தெரிந்ததே. அலைகள் பரவும் விதத்தில் மட்டுமே ஒப்புமை உண்டு. பாய்மத்தின் ஓட்டத்தை ஆள்வது பாய்ம இயக்கவியல்; வெளியின் வளைவை ஆள்வது ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள். எனவே ஆய்வகத்தில் கண்ட ஒலிக் கதிர்வீச்சு ஹாக்கிங்கின் தருக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது; விண்ணிலுள்ள கருந்துளை ஒன்று கதிர்வீசுவதைக் கண்டதாக அது ஆகாது. நீங்கள் எழுதும் ஒவ்வோர் உவமைக்கும் இப்படி இரண்டு வாக்கியங்கள் எழுத முடிகிறதா என்று பாருங்கள்: எது வரை செல்லும் என்று ஒன்று, எதற்கு மேல் செல்லாது என்று மற்றொன்று. இரண்டாவதை எழுத முடியவில்லை என்றால் உவமையை நீங்களே இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள்.

ஆறாம் படி: சொற்களில் கவனம்

பூச்சிக்கு நோக்கம் கற்பிக்காதீர்கள். குறுகிய வழியை எறும்புக் கூட்டம் தேர்ந்தெடுக்கிறது என்று எழுதும்போது, யாரோ வழிகளை ஒப்பிட்டு முடிவெடுத்ததாக வாசகர் நினைப்பார். நடப்பது வேறு: குறுகிய வழியில் சென்ற எறும்புகள் முன்னதாகத் திரும்புவதால் அந்த வழியில் வேதித்தடம் முன்னதாகச் செறிகிறது, செறிந்த தடம் மேலும் பல எறும்புகளை ஈர்க்கிறது. கூட்டு அறிவு, மனம், உணர்வு பற்றிய ஊகங்களுக்கு எறும்புக் கூட்டத்தை உவமையாக்குபவர்கள் இந்த இயக்கத்தைச் சொல்லாமல் விட்டால், விளக்க வேண்டிய மனத்தை முன்கூட்டியே எறும்புகளுக்குள் ஒளித்து வைத்தவர்களாகிவிடுவார்கள்.

உவமை தன் கருத்தைவிட்டுப் பிரிந்து தனியே உலவத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1961இல் தன் வானிலைக் கணிநிரலை இடையிலிருந்து மீண்டும் ஓட்டியபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் சுருக்கி அச்சிடப்பட்ட 0.506 என்பதை உள்ளிட்டார். சிறிது நேரத்தில் முடிவுகள் முற்றிலும் வேறாகப் பிரிந்தன. 1972இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பில், பிரேசிலில் சிறகசைக்கும் பட்டாம்பூச்சி டெக்சாஸில் சூறாவளியை எழுப்புமா என்ற கேள்வி இடம்பெற்றது. ஒரு சிறகசைப்பு சூறாவளியை எழுப்ப வல்லதென்றால் அதே அளவுக்கு ஒன்றைத் தடுக்கவும் வல்லது என்று அந்த உரையிலேயே அவர் எடுத்துச் சொன்னார். தொடக்க நிலையின் மிகச் சிறிய வேறுபாடும் கணிப்பின் எல்லையைக் குறுக்கிவிடும் என்பதே கருத்து. ஆனால் பொதுவழக்கில் எஞ்சியது, சிறு செயல் பெரு விளைவை உண்டாக்கும் என்ற வேறொரு கருத்து. இத்தகைய திரிபைத் தடுக்க ஒரு வழி, உவமை வரும் பத்தியிலேயே அதன் எதிர்த்திசையையும் காட்டிவிடுவது.

நிறுவப்பட்டதற்கும் ஊகத்துக்கும் ஒரே வினைமுற்றைப் பயன்படுத்துவதையும் தவிருங்கள். எறும்பு நடக்கிறது என்பது உறுதி. பரிமாணம் சுருண்டிருக்கிறது என்று எழுதக்கூடாது, சுருண்டிருக்கலாம் என்றே எழுத வேண்டும்.

ஏழாம் படி: உவமையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

வேற்றுலக நாகரிகங்களின் அடையாளமே ஏன் தென்படவில்லை என்ற கேள்விக்கு 2017இல் சாண்ட்பெர்க், ஆம்ஸ்ட்ராங், சிர்க்கோவிச் ஆகியோர் ஒரு விடையை முன்வைத்தார்கள். வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தைச் சில நத்தைகளும் பூச்சிகளும் உறங்கிக் கழிப்பதுபோல, முதிர்ந்த நாகரிகங்களும் அண்டம் மேலும் குளிரும் வரை உறங்கிக் காத்திருக்கலாம் என்றார்கள். ஒரு துணுக்குத் தகவலை (bit) அழிப்பதற்கான குறைந்தபட்ச ஆற்றல் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமைவதால், குளிர்ந்த அண்டத்தில் அதே ஆற்றலுக்கு மிகப் பல மடங்கு கணக்கீட்டைச் செய்ய முடியும் என்பது அவர்களுடைய வாதம்.

இங்கே உவமை ஒரு கேள்வியைத் தாங்கி நிற்கிறது: உறங்கிக் காத்திருப்பதால் உண்மையில் ஆதாயம் உண்டா? நத்தைக்கு வேறு வழியில்லை, நாகரிகத்துக்கு உண்டா? பென்னட், ஹான்சன், ரீடல் ஆகியோர் இதைக் கேட்டு, காத்திருக்கத் தேவையில்லை, குளிர்ந்த சூழல் தரும் ஆதாயத்தை இப்போதே வேறு வழிகளில் பெறலாம் என்று வெப்ப இயக்கவியல் அடிப்படையில் மறுத்தார்கள். ஊகம் அந்த வடிவில் தளர்ந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால் கணக்கால் மறுக்கப்படக்கூடிய அளவுக்குத் தெளிவாக முன்வைக்கப்பட்டது அதன் சிறப்பு.

சில வேளைகளில் உவமை கருவியாகவே மாறிவிடும். உணவைத் தேடிப் படரும் சளிப் பூஞ்சை (slime mould) என்ற உயிரி சிக்கனமான இணைப்புகளை உருவாக்குகிறது. அதன் வளர்ச்சி விதிகளைக் கணிநிரலாக்கிய வானியலாளர்கள், ஏறத்தாழ 37,000 விண்மீன் மண்டலங்களின் இருப்பிடங்களை உணவுத் துளிகளாகக் கொடுத்து, அவற்றை இணைக்கும் அண்ட இழைகள் எங்கே இருக்கக்கூடும் என்று 2020இல் வரைந்தார்கள். பிறகு தொலைநோக்கியில் பதிவான வாயுவின் அளவீடுகளோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். அண்டம் பூஞ்சையாக வளர்கிறது என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

எட்டாம் படி: வாசித்தவரிடம் கேளுங்கள், தேவையெனில் பூச்சியை விட்டுவிடுங்கள்

துறை சாராத ஒருவரிடம் உங்கள் விளக்கத்தைப் படிக்கக் கொடுத்து, பூச்சியின் பெயரைச் சொல்லாமல் கருத்தைத் திருப்பிச் சொல்லும்படி கேளுங்கள். எறும்பு, மீன் என்ற சொற்கள் இல்லாமல் அவரால் தொடர முடியவில்லை என்றால், உவமை கருத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று அறியலாம். அப்போது உவமைக்குப் பின் கருத்தை நேரடியாகச் சொல்லும் பத்தி ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

எந்தப் பூச்சியும் உதவாத கருத்துகளும் உண்டு. தொலைவில் பிரிந்த இரு துகள்களின் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் குவாண்டப் பின்னலை விளக்க இரண்டு பெட்டிகளில் இரண்டு வண்டுகளை அடைத்ததாகச் சிலர் எழுதுகிறார்கள்: ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு, ஒரு பெட்டியைத் திறந்து கறுப்பு வண்டைக் கண்டால், எவ்வளவு தொலைவிலிருந்தாலும் மற்ற பெட்டியில் சிவப்பு வண்டு இருப்பது தெரிந்துவிடும். கேட்க இனிமையாக இருந்தாலும், இந்த உவமை கருத்தின் நடுப்பகுதியிலேயே முறிகிறது. வண்டின் நிறம் திறக்கும் முன்பே முடிவானது. பின்னலுற்ற துகள்களின் பண்புகள் அப்படி ஒவ்வொரு துகளோடும் முன்கூட்டியே ஒட்டிவைக்கப்பட்டவை என்று கொண்டால், அளவீடுகளுக்கிடையே இருக்கக்கூடிய ஒத்திசைவுக்கு ஒரு வரம்பு உண்டு என்று 1964இல் ஜான் பெல் நிறுவினார். அந்த வரம்பை இயற்கை மீறுகிறது என்பதைப் பின்னர் நடந்த சோதனைகள் காட்டின. அந்தச் சோதனைகளுக்காக 2022ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஆலன் ஆஸ்பே, ஜான் கிளவுசர், ஆன்டன் சைலிங்கர் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. வண்டு உவமை எதைச் சொல்கிறதோ, அதைத்தான் அறுபது ஆண்டு ஆய்வு மறுத்திருக்கிறது. இத்தகைய இடத்தில் வண்டுகளை நீக்கிவிட்டு, இரண்டு அளவிகள், அவற்றைத் திருப்பி வைக்கக்கூடிய கோணங்கள், ஒவ்வொரு கோணத்திலும் கிடைக்கும் விடைகளின் எண்ணிக்கை என்று சோதனையையே நேரடியாக விவரித்து எழுதுங்கள்.